யார் மாட்டியது?

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் கம்ப்யூட்டரைத் தவிர. நீ ஆசையாய் வாங்கி வந்து உன் கையாலேயே மாட்டிக்கொடுத்தாயே, கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் உங்கள் கம்பெனிக் கூலர், அதன் குழாய் மூட்டில் தண்ணீர் கசிந்து கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு இரண்டும் போய்விட்டன. வீட்டு வரைபடம் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று முழிக்கிறேன். புகார் கொடுத்தால், "யார் மாட்டியது?" என்று கேட்கிறார்கள். உன்னைச் சொன்னால் நல்லதுதானே?

அக்கா

மார்ச் 7

அக்கா,

ஐயையோ, என்னைச் சொல்லிவிடாதே! வெளியே போய் மாட்டிக்கொடுத்தது தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நீயே மாட்டியதாக எழுதிவிடு. கெட்டது அவர்கள் சரக்கு, அவர்கள்தானே பொறுப்பு? நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நீ சொன்னபடியே எழுதினேன். நேற்று உங்கள் ஆள் வந்து பார்த்தார். "தெரியாத வேலையில எதுக்கும்மா கை வெக்கிறீங்க?" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கேட்டார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். புதுக் கூலர் மட்டும்தான் தருவார்களாம். மற்றது கெட்டதெல்லாம் நான் தப்பாக மாட்டியதாலாம். உள்ளேயிருந்து என்னத்தைடா பார்த்தாய்?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உனக்கு எழுதவே கூசுகிறது. அந்த வரிசையில் வந்த கூலர் எல்லாவற்றிலும் வாஷர் மட்டமாம், கம்பெனியே ஒத்துக்கொண்டுவிட்டது. என்னைப் போல் வேலை பழகிய ஆள் மாட்டியிருந்தால் கெட்டுப்போன கார்டு, போர்டு எல்லாமே புதிதாகத் தருகிறார்கள். தானே மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் இல்லையாம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மேலாளர் அறைக்குப் போனேன். "என்னப்பா?" என்றார். "ரெண்டு நாள் லீவு வேணும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்! உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

கம்ப்யூட்டர் கிடக்கட்டும். தெரிந்தவரிடம் பழையது ஒன்றை இரவல் வாங்கிப் பிழைப்பை ஓட்டுகிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றை உனக்கு எழுதவில்லை. உங்கள் ஆள் என்னைக் கேட்டபோது உன் மருமகள் குறுக்கே வந்து, "அம்மா மாட்டல, மாமாதான் மாட்டுனாரு" என்றாள். "பொய்யா சொல்ற?" என்று பளாரென்று ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. அதிலிருந்து எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றாலும் அதே பதில்தான்.

மேலாளரிடம் நீ சொல்லாவிட்டால் போகிறது. ஒரு நடை வந்து, அவள் சொன்னது பொய்யில்லை என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போ. எனக்கு வாய் வரவில்லை.

அக்கா