ஏழில் இல்லாத செவ்வாய்

உ

மேற்குத் தாம்பரம்
விரோதிகிருது வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் செங்கமலத்துக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மனசை மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளை சம்பத்தும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கவரில் என் கோணல் எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும், எப்போதும் அப்பாதானே எழுதுவார், நான் அடியில் இரண்டு வரி கிறுக்குவேன். அப்பா உடம்புக்கு ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் பேனாவைத் தொடவில்லை, வாசலில் மாட்டியிருக்கும் ஜோதிட நிலையம் போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் முன்னுக்குப் பின் முரணாக எழுதினால் கோபித்துக்கொள்ளாதே.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள் என்று அப்பா போன கடிதத்தில் எழுதியிருப்பார். மெட்டில்டா என்று பெயர், நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், பிள்ளை தனசிங் இங்கே காலேஜில் வாத்தியார். நல்ல மனுஷி, சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது நம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உட்காருங்கள் என்று காபி கொடுத்தேன், அப்பாவும் கூடத்தில்தான் இருந்தார். அந்த அம்மாள் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சார், நீங்க யுத்த காலத்திலே ஒரு ஐப்பசி மழையிலே ஆஸ்பத்திரி வராந்தாவிலே பஞ்சாங்கத்தைக் கக்கத்திலே வெச்சுக்கிட்டு நின்னவர்தானே, போற வர்றவங்க எல்லார்கிட்டேயும் டைம் கேட்டீங்களே, நாங்க நர்ஸுங்க எல்லாம் உள்ளே சிரிச்சுக்கிட்டு இருந்தோமே என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன்னைக் கையில் ஏந்தி முதலில் துடைத்தவர் அவர்தான் என்று தெரிந்ததும் உன் கல்யாண போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன்.

அதற்கப்புறம் அந்த அம்மாள் சொன்னதுதான் தலையில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உனக்குத் தெரிந்திருக்காது, அந்த யுத்த காலத்தில் சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிப்பதென்றால் ஆஸ்பத்திரிக் கடிகாரம் காட்டுகிற நேரத்தில் ஒரு மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும், கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடும். இது அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம், வருகிறவர்களிடமெல்லாம் யுத்த காலத்துப் பிள்ளையா என்று முதல் கேள்வியே அதுதான். மெட்டில்டா சொல்கிறார், நான் பைபிள் படிக்கிறவ சார், இதையெல்லாம் நம்பறதில்லே, ஆனா மனுஷர் மழையிலே தவிக்கிறாரேன்னு நானே அந்த ஒரு மணியைக் கழிச்சிட்டுத்தான் உங்களுக்கு நேரம் சொல்லி அனுப்பினேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்னு. சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்கிறார், நானும் கூடவே சிரிக்கிறேன், திரும்பிப் பார்த்தால் அப்பா கையில் காபி டம்ளர் அப்படியே நிற்கிறது. நர்ஸ் கழித்தது தெரியாமல் அப்பாவும் ஒரு மணியைக் கழித்துவிட்டார் செங்கமலம். உன் விஷயத்தில் ஒரு விநாடி கூடப் பிசகக்கூடாது என்று நின்ற மனிதர், ஒன்றுக்கு இரண்டாகக் கழித்து உனக்கு ஜாதகம் எழுதிவிட்டார்.

அந்த அம்மாள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாகக் கட்டம் போட்டார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. உனக்கு மேஷ லக்னமே இல்லையாம், ரிஷபமாம். ஏழாம் இடத்தில் இருக்கிறான் என்று இத்தனை வருஷமாக நாம் தலையில் கட்டிக்கொண்டு அழுத செவ்வாய் ஆறாம் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறானாம். லோகு, நம்ம குழந்தை செங்கமலத்துக்குச் செவ்வாய் தோஷமே இல்லே என்றார். எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. குரோம்பேட்டைப் பையன், பல்லாவரத்துப் பையன், அந்த பாங்கி வேலைப் பையன், ஒவ்வொருத்தர் வீட்டிலும் இவரே வலியப் போய் என் பெண்ணுக்கு ஏழில் செவ்வாய் என்று சொல்லிவிட்டு வருவாரே, மறைத்தால் பாவம் என்பாரே. நீ ஒவ்வொரு தடவையும் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து என்னோடு வெங்காயம் நறுக்குவாய், அது எனக்குத்தான் தெரியும். நன்றாகக் கத்தினேன். மனிதர் வாசலுக்குப் போய்ப் போர்டைக் கழற்ற ஆரம்பித்தார், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நீ படித்தவள், உனக்கே விளங்கியிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு எட்டில் செவ்வாய் என்பதால்தானே தேடிப் பிடித்து உன்னைக் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகப் போகும், ஒருவருக்கு மட்டும் இருந்தால் மற்றவர் உயிருக்கு ஆகாது என்பதுதான் அப்பா ஊருக்கெல்லாம் சொல்கிற கணக்கு. இப்போது உனக்கு இல்லை, அவருக்கு இருக்கிறது. நீயோ பிள்ளைத்தாய்ச்சி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுகிறார். கிழக்கே செவ்வாய் கங்கு மாதிரி சிவப்பாக ஏறி வருகிறது, இந்த வருஷம் பூமிக்கு ரொம்பக் கிட்டே வருகிறதாம், மகரத்தில் உச்சமாம், அதோடு வக்கிரமாம், பின்பக்கமாக நடக்கிறதாம். தனசிங் மாணவர்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் பெரிய குழாய் வைத்து அதை வேடிக்கை காட்டுகிறார், கைதட்டிச் சிரிக்கிறார்கள். இவர் இந்தப் பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் தேய்க்கிற பச்சையம்மா கூட, இன்னாம்மா, ஐயா துன்னாம கொள்ளாம மானத்தையே பாத்துகினு கீறாரு, யாரானா மந்திரம் வச்சிட்டாங்களா என்று கேட்டாள்.

நேற்று நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை நாளில் அவளுக்கு ஒரு ஜலதோஷம் உண்டா, மாப்பிள்ளை தங்கமானவர், அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்றேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு என்றார். புரியவில்லை, என்ன பேச்சு இது என்றேன். அவள் நல்லா இருந்தா நான் ஊராருக்குச் சொன்னதெல்லாம் என்ன லோகு, எத்தனை பெண்கள் கல்யாணத்தை இந்த வாயால நிறுத்தி வெச்சேன், சாஸ்திரம் சரின்னா குழந்தைக்கு ஆபத்து, குழந்தை நல்லா இருந்தா நான் ஒண்ணுமில்லே என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். செங்கமலம், உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், ராகு காலம் பார்த்துப் பார்த்து ரயிலைக் கோட்டை விடுகிற மனிதர், அவர் பைத்தியம் எல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த ஒரு நிமிஷம் இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று அவருக்கே தெரியாமல் நின்றதை நான் பார்த்துவிட்டேன். உங்களுக்குப் பெற்ற பெண் பெரிசா இல்லை கட்டத்தில் எழுதின எழுத்து பெரிசா என்று கேட்டுவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

இன்று காலை பெருங்களத்தூரிலிருந்து ஒருவர் தன் பெண்ணோடு வந்தார், போர்டு இல்லாததைக் கூடக் கவனிக்கவில்லை பாவம். அந்தப் பெண்ணுக்கும் ஏழில் செவ்வாய், நானே கட்டத்தை எட்டிப் பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. அப்பா கட்டத்தைப் பார்க்கிறார், பெண்ணைப் பார்க்கிறார், மறுபடி கட்டத்தைப் பார்க்கிறார். அப்புறம் ஜாதகத்தை மடித்து அந்த மனிதர் கையில் கொடுத்து, தோஷம் ஒண்ணும் இல்லே, குழந்தைக்குப் பிடிச்ச இடமாப் பார்த்துக் கொடுங்க என்றார். தட்சிணை வாங்கவில்லை. அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, ஜோசியம் பொய்யாப் போகட்டும் லோகு, நம்ம குழந்தை நல்லா இருக்கட்டும் என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உன்னிடம் இதைச் சொல்லவே கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அவர் ரயிலடிப் பக்கம் போயிருக்கும் நேரத்தில்தான் எழுதுகிறேன். மறைத்தால் வேறு யாராவது உன் காதில் போடுவார்கள், இந்த வயிற்றோடு நீ தனியாக நினைத்து உருகுவாய், அதைவிட அம்மா சொல்லித் தெரிவது மேல். மாப்பிள்ளையிடம் சொல்லலாமா என்பதை நீயே முடிவு செய், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆடி போகட்டும், வக்கிரம் நிவர்த்தியாகட்டும், அப்புறம் அழைத்து வரலாம் என்று அப்பா முன்பு எழுதியிருந்தாரே, அதை விட்டுவிடு. நாள் நட்சத்திரம் ஒன்றும் பார்க்காதே, டாக்டர் சரி என்றால் மெயில் வண்டியில் டிக்கெட் போட்டுக்கொண்டு இப்போதே கிளம்பி வா. மெட்டில்டா பக்கத்திலேயே இருக்கிறார், உன்னை எடுத்த கையாலேயே உன் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வழியில் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொள், மேல் பெர்த்தில் ஏறாதே, கனமான பெட்டியைத் தூக்காதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

முடிக்கிற இடத்தில் தீர்க்க சுமங்கலியாக இரு என்றுதான் உனக்கு எப்போதும் எழுதுவேன். இப்போதும் எழுதத்தான் வந்தேன், பாதியிலே பேனா நின்றுவிட்டது. புருஷனுக்கு முன்னால் போய்விடு என்பதுதானே அதற்கு அர்த்தம். பெற்றவள் நான் இதையா உனக்கு ஆசீர்வாதம் என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் அதை எழுதமாட்டேன் கண்ணே. மாப்பிள்ளை நூறு வயசு இருக்கட்டும், நிறைவாக இருக்கட்டும். ஆனால் நீ இரு. நீ எல்லாருக்கும் பிற்பாடும் இரு.

உன் அம்மா
லோகநாயகி