48 − 6 × 5

பாப்பா அப்பாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாவி ஆணியில.

கணக்கைப் படிப்படியா போடச் சொன்னா, "அப்பா சொன்னார், 18"னு எழுதி வச்சிருக்கா உங்க பொண்ணு. டீச்சர் சிவப்புல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. பட்டறையில பலகையை அளக்குற மாதிரி எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டா, குழந்தை வேற என்னத்தை எழுதுவா? கேட்டா என்கிட்ட கத்துறீங்க.

48ல 6 போனா 42. அதை அஞ்சால பெருக்கினா 210. படிப்படியா எழுதி அவ பையில வச்சிருக்கேன். அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்க.

பி.கு.: செருப்பு மாட்டும்போதுதான் உறைச்சுது, முதல்ல பெருக்கணும். 18தான் சரி. சிரிக்காதீங்க. வழியை நீங்களே எழுதிக் கொடுங்க. அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள என் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க, இல்லன்னா இந்தத் தடவை "அம்மா சொன்னாங்க"ன்னு எழுதி வைப்பா.