சாராயக் கிளாசில் தேத்தண்ணி

அண்ணை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த வயதில் நான் விருந்து வீடுகளுக்குத் தேத்தண்ணி ஒளித்துக்கொண்டு போகிறேன். சீனி போடாத வெறுந்தேத்தண்ணி, சின்னப் போத்தலில், சாரத்து மடிக்குள். இன்று காலை அந்தப் போத்தலைக் கழுவத் திறந்தேன். ஆறிப்போன தேயிலை மணம். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

இந்த உபாயம் உங்களுடையது. ஒரே வள்ளத்தில் வலை இழுத்தோம், கரைக்கு வந்து ஒன்றாகக் குடித்தோம். பிறகு நீங்கள் விட்டுவிட்டீர்கள். எங்கள் கரையில் குடிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடிக்காதவனைத்தான் சுற்றி வளைப்பார்கள். வெறுங்கையோடு நிற்கிறவன் கையில் ஒரு கிளாசைத் திணித்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் நீங்கள் சாராய நிறத்தில் தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல உறிஞ்சினீர்கள். என்னிடம் மட்டும் சொன்னீர்கள்.

"உன்ர வாய்க்குப் பூட்டில்லை எண்டு தெரியும். எண்டாலும் ஒருத்தருக்கெண்டாலும் சொல்லவேணும் போல கிடக்கு."

என் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில், கொட்டிலுக்குப் பின்னால் ஆட்கள் வட்டமாக இருந்தார்கள். எல்லாரையும் பகிடி பண்ணி முடித்துவிட்டேன், மிச்சம் நீங்கள்தான். உங்கள் கிளாசைப் பறித்து மணந்து பார்த்தேன்.

"ஐயோ, அண்ணை குடிக்கிறது தேத்தண்ணி! ஆராவது ஒரு பால் சூப்பிப் போத்தல் கொண்டுவாங்கோ!"

அப்படியொரு சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். என் மச்சான் தேத்தண்ணியை மணலில் கவிழ்த்துவிட்டுச் சாராயம் ஊற்றினான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் குடியை நிறுத்தவில்லை. வயிறு ஊதி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து பார்த்தேன்.  நீங்கள் கட்டிலருகே இருந்த கோப்பையை நீட்டினீர்கள்.

"மணந்து பாரடா. மெய்யாவே தேத்தண்ணிதான்."

உங்கள் செத்தவீட்டிலும் நான் குடித்தேன், அண்ணை. பிறகு ஒருநாள் கடற்கரையில் குடிவெறியோடு, அந்தச் சாமத்திய வீட்டுக் கதையையே பகிடியாக எடுத்துவிட்டேன். மீன் வாங்க வந்த உங்கள் மனுசி பின்னால் நின்றதைக் காணவில்லை.

"என்ன நிப்பாட்டிப்போட்டீங்கள்? சொல்லி முடியுங்கோ தம்பி," என்றா.

சொல்லி முடிக்க ஏலவில்லை. அன்றைக்குக் குடியை விட்டதுதான். இப்போது பெடியள் போதைத்தூளுக்குப் போய்விட்டார்கள். அவர்களையும் என்னைப்போல் ஒருவன் சிரித்துத்தான் இழுத்திருப்பான்.

நேற்றுக் கப்பல்துறை ஊரில் ஒரு பிறந்தநாள் வீடு. கிளாசும் கையுமாக இருந்தேன். பிளாஸ்டிக் கதிரையின் கால் மணலில் புதைந்தது. கதிரையோடு சரிந்தேன். தேத்தண்ணி முழுக்க வெள்ளைச் சட்டையில்.

"ஆளுக்கு நல்லா ஏறிட்டுது, பிடியுங்கோ," என்றான் மச்சான்.

இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டிறைச்சிக் கறி அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். நானும் வெறிகாரனைப்போலவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டில் காய்ந்த பாண் துண்டு இருந்தது.