அயன் பொக்ஸில் மெழுகு

அம்மா,

அயன் பொக்ஸைத் தொடாதேங்கோ! என்ர ஸ்கீ பலகைகளுக்கு மெழுகு உருக்கிப் பூசினது அதாலதான். ஞாயிறு அப்பாவின்ர ஆண்டு நினைவுப் பூசைக்குக் கட்டுற வெள்ளைச் சீலை பழுதாப்போயிடும். பக்கத்து வீட்டு அன்ரியின்ர அயன் பொக்ஸைக் கேளுங்கோ, தருவா.

இத்தாலிக்கு பிளைட் ஏழு மணிக்கு, ஞாயிறு அங்க போட்டி. உங்களை எழுப்ப மனம் வரேல்லை. இடியப்பம் நாலு எடுத்திட்டன்.

போன கிழமை ஒஸ்ரியாப் போட்டியில கிடைச்ச மெடலை அப்பாவின்ர படத்தில கொழுவியிருக்கிறன்.

"வருஷத்தில ஒரு நாள்தானே பிள்ளை" எண்டு நேற்றுக் குசினிக்குள்ள இடியப்பம் அவிச்சுக்கொண்டு கேட்டியள். நான் முன்னறையில மெழுகு தேய்ச்சுக்கொண்டிருந்தன்.

டிலக்சி

கதவைப் பூட்டித் திறப்பைத் தபால் ஓட்டைக்குள்ளால உள்ள போட்டிட்டன்.

இன்னொண்டு. கோச் ஞாயிறுக்கு லீவு தரேல்லை எண்டு நான் சொன்னது பொய், அம்மா. கேட்டால் தந்திருப்பார். அதுதான் கேக்கேல்லை.