வீட்டுலயும் இப்படித்தானா?

என் மாலுமிக்கு,

நலம். நம் மகள் மாயுமியைப் பார்க்க செபு நகரத்திலிருந்து குழந்தைகள் மனநல டாக்டர் வந்திருந்தார். அவள் பள்ளி ஆசிரியை ஒளிக்காமல் சொன்னார்: "ஒரு இடத்துல உக்கார மாட்டா டாக்டர். சொன்னத அடுத்த நிமிஷமே மறந்துடுறா."

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள், கப்பலிலிருந்து வீடியோ காலில் நீங்கள் சிரித்தீர்கள். "வீட்டுல அவ தங்கம், டாக்டர்!"

ஞாயிறுதோறும் பத்து நிமிடம் திரையில் பார்க்கும் தங்கம். வெளியாள் எதிரில் கணவனைப் பொய்யனாக்குவதா? ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஸ்கூல், வீடு ரெண்டு இடத்துலயும் இருந்தாத்தாம்மா கவனக்குறைவுக் கோளாறுன்னு சொல்ல முடியும்," என்று அவர் எழுந்துவிட்டார். இனி இந்தத் தீவுக்கு எப்போது வருவாரோ.

வெறும் அடங்காப்பிடாரி என்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உங்கள் தங்கம் இப்போது நாள் முழுக்க வீட்டில்தான். பூட்டிய கதவை உதைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்