மழை இல்லை, லேப்டாப்

செஞ்சி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. இந்தச் சித்திரை வெயிலில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக நானும் உன் நைனாவும் இருக்கிறோம். பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நைனா பக்கத்தில் வந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அதனால்தான் கடிதம். இதில் இருப்பது உன்னோடு இருக்கட்டும்.

மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை விளக்கு வைத்த பிறகும் விடுவதில்லை, போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, எனக்கும் உடம்பு எப்போதும் அசதிதான். இதற்கு நடுவே உனக்கு ஆபீஸில் வேறொன்று கொடுத்தார்கள் என்று உன்னுடையதை எனக்கு அனுப்பினாயே, நோட்டுப் புத்தகம்போல் மெலிசாக, பின்னால் முழுக்க மடங்குகிற லேப்டாப், அது என்னைப் படுத்திவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம் என்றிருந்தார்கள் அல்லவா, பாடம் பாதி வருவதற்குள் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் கத்தத் தொடங்கும், அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் காயும், படம் நின்று நின்று வரும். மேற்பார்வை பார்க்கும் அமிர்தவல்லி மேடம் ஒருநாள் அந்த இரைச்சலைக் கேட்டு, என்ன ஜெயக்கொடி, அங்கே பலத்த மழையா என்று கேட்டார். என் கூச்சம் உனக்குத் தெரியும், ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் மழை. அப்புறம் திண்டிவனத்திலிருந்து பாடம் எடுக்கும் கவிதா, இன்னா மேடம், இங்க ஒரு சொட்டு இல்ல, செஞ்சிக்கு மட்டும் மேகம் தனியா வந்து ஊத்துதா என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டாள். சத்தம் இப்படியே இருந்தால் வகுப்பை வேறு ஆளுக்குத் தரவேண்டி வரும், வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்க்கிறேன் என்றார் மேடம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் படிப்புக்கென்று கிடைத்த முதல் வேலை இது, அதுவும் நீ வேலைக்குப் போன பிறகு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் பீமாராவ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அடிமூடியைக் கழற்றியதும் கடை முழுக்கச் சந்தன வாசனை. இன்னாக்கா, இதுக்குக் கல்யாணம் ஏதும் பண்ணி வச்சீங்களா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன ஆயுத பூஜைக்கு நைனா மருந்தடிக்கிற மிஷின், மண்வெட்டி, பைக் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு, இதையும் எடுத்து வரிசையில் வைத்தார். மூடிமேல் பொட்டு வைத்தால் கறை பிடிக்கும், உன் பொருள் கெட்டுவிடும் என்று பார்த்துப் பார்த்து, மடங்குகிற இடத்தில் வரிசையாகத் துளை இருக்கிறதே, அங்கே சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து வைத்துக் குங்குமமும் வைத்தார். சூடு வெளியே போகிற வழியே அதுதானாம், சந்தனம் உள்ளே இறங்கி ஃபேனில் காய்ந்து கிடந்தது. பீமாராவ் சுரண்டித் துடைத்துக் கொடுத்தார். மெலிசா இருக்கிற மிஷின் கொஞ்சம் இரையத்தான் செய்யும், மெத்தை தலகாணி மேல வைக்காதீங்க என்றார். நான் அதைத் தலையணைமேல்தான் வைத்திருந்தேன், சிமெண்ட் தரையில் கீறல் விழுமே என்று.

இப்போது அதைப் பின்னால் மடித்துக் கூடாரம்போல் மேஜையில் நிறுத்திவிடுகிறேன், காற்று எல்லாப் பக்கமும் போகிறது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மேடம், மழை விட்டதா என்றார். மழையே இல்லை மேடம், லேப்டாப்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது காது சுட்டது. அவர் சிரித்து, வகுப்பு இனி உங்களுக்குத்தான் என்றார். அதனால் தவணையில் புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்று நீ கிளம்பாதே.

சந்தனம்தான் காரணம் என்று நைனாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பூஜையின்போது எனக்கு இந்த வேலையே கிடைத்திருக்கவில்லை, விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே அவர், இதுவும் சோறு போடப் போற பொருள்தான, தனியா எதுக்கு விடணும் என்று சொல்லி மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நேற்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் மோந்து பார்த்துவிட்டு, பாத்தியா, நான் வச்சது இன்னும் மணக்குது என்றார். ஆமாங்க என்றேன். வரும் பூஜைக்கு மூடிமேலேயே வைக்கச் சொல்கிறேன், கறை பிடித்தால் பிடிக்கட்டும்.

நீயும் ஆபீஸ் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை பார்க்காதே, தண்ணீர் நிறையக் குடி. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அம்மா,
வெ. ஜெயக்கொடி