ஊசித்துளையின் மேல் ஒரு ஸ்டிக்கர்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்பதை மேலே படித்துத் தெரிந்துகொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வார்டில் நின்று நின்று காலை வீங்கவைத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், “விட்டுக்கொடுத்துப் போம்மா, ரிட்டையராக ஒரு வருஷந்தானே இருக்கு” என்றாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் “சரிம்மா, சரிம்மா” என்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் கம்பெனியின் புதுக் கருவி, கட்டிலருகே இருந்து நோயாளியின் மூச்சை எண்ணுவது. சோப்புப் பெட்டி அளவுதான். அதற்குள் ஃபேன் வைக்க இடமில்லை, வைத்தாலும் தூசி பிடித்து இரையும். அதனால் மெல்லிய தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது விடாமல் அதிர்ந்து, முகப்பிலுள்ள ஊசித்துளை வழியாக வெளிக்காற்றை இழுத்து, சூடேறும் சிப்பின் மேல் விட்டு விட்டு ஊதும். சுட்டுக்கொண்ட விரலை நாம் உஃப் உஃப் என்று ஊதுகிறோமே, அதே வேலை. என் சோதனை மேஜையில் மூன்று மணி நேரம் ஓடியும் அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. நான் மகிழ்ந்துபோய் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, வரவேற்பறையில் காட்சிக்கு வைத்திருந்த கருவி தானாக அணைந்துவிட்டது என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்தால், கம்பெனிச் சின்னம் பொறித்த ஸ்டிக்கர் அந்தத் துளையின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. மேஜையில் வைத்து ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் தொண்ணூற்றொன்று, அப்புறம் திரை இருண்டது. மூச்சை எண்ணும் கருவிக்கே மூச்சு முட்டினால் கட்டிலில் படுத்திருப்பவர் கதி என்ன? அதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் நீ.

மேனேஜரிடம் போனேன். “ஸ்டிக்கர் எலக்ட்ரானிக்ஸ் இல்லம்மா, அது விளம்பரப் பிரிவு. உங்க டெஸ்ட்ல அது வராது, பழைய நம்பரைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார். விளம்பரப் பிரிவிலோ, சின்னம் நடுவில் இருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலக உத்தரவாம், துளையை வேண்டுமானால் நகர்த்தச் சொன்னார்கள். தையல் கடையில் உன் அப்பாவிடம் சொன்னேன். “காஜா எடுத்துட்டு அது மேலயே ஒட்டுப் போட்டுத் தைக்கிறானுங்களா?” என்று மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளே என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் சூடு அளந்த எனக்கு அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? ஸ்டிக்கர் ஒட்டும் வேலை! எவ்வளவு யோசித்துத் தண்டிக்கிறார்கள் பார்.

ஒட்டினேன். முதல் இருநூறு கருவியிலும், துளைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, ஓரமாக ஒட்டினேன். “என்னம்மா இது, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு?” என்று மேனேஜர் கத்தினார். “வயசாச்சுங்க சார், கண்ணு அவ்வளவுதான்” என்றேன். அத்தனையையும் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓரத்துல இருக்கறது நல்லாருக்கே, யார் ஐடியா?” என்றார். மேனேஜர் கூச்சமே இல்லாமல், “நம்ம டீம்தான் சார்” என்றார். நோயாளிக்காக ஒரு நூல் நகராத ஸ்டிக்கர், அழகுக்காக ஒரே நிமிடத்தில் நகர்ந்துவிட்டது.

சோதித்த என் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது. மேனேஜர் என்னிடமே வந்து, “அதான் எல்லாம் சரியாயிடுச்சே, கையெழுத்துப் போடலாமில்ல?” என்றார். பேக்கிங்கிலிருந்து ஒரு கருவியை நானே எடுத்துப்போய், ஸ்டிக்கரோடு மூன்று மணி நேரம் ஓட்டினேன். அறுபத்து மூன்று. அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன், ‘ஸ்டிக்கருடன் சோதித்தது’ என்று மேலே எழுதி. அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறேன்.

நல்லா இரு கண்ணா, உன் கைபட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். உன் வார்டில் ஏதாவது கருவி தொட்டால் சுட்டது என்றால், அதன் துளைமேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார். இருந்தால் கிழித்துவிடு. யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துப் போகாதே.

ஓரமாக ஒட்டும்
உன் அம்மா